காய்ச்சலோடு உள்ளே அனுப்பியது யார்? விலங்குக்கூடத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கும், ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும், விலங்கு நெறிமுறைக் குழுவினருக்கும்,

போன மாதம் நீங்கள் வெளியிட்ட சுற்றறிக்கையின் நகல் என் கைக்கு வந்தது. ஆய்வுக்கான விலங்குகளை வளர்க்கும் அனிமல் ஹவுஸில் மிச்சமிருக்கும் ஏழு பராமரிப்பாளர்களையும் ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்கிறீர்கள். 11 மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். வராத நாளுக்குக் கூலி கிடையாது. கூடவே ஒரு தனிக் குறிப்பு: 16 வருடமாக அங்கே வேலை பார்த்த ஒருவரை, 2018ல் நடந்த சம்பவத்தைக் காரணம் காட்டி, புதிய பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்கிறது.

அந்தச் சம்பவத்தின்போது அனிமல் ஹவுஸுக்குப் பொறுப்பு நான். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. சும்மா இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், அந்தக் குறிப்பைப் படிக்கும் வரை. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், அது போதும். இதே மாதிரி சுற்றறிக்கை வேறு இடங்களிலும் போயிருக்கிறது என்று கேள்விப்படுகிறேன். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். 2018 அக்டோபர். வெளியே பன்றிக் காய்ச்சல் பேச்சுதான், தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. நம் ஸ்டாக் ரூமில் 24 கினிப்பன்றிகள் ஒரு ஆய்வுக்காகக் காத்திருந்தன. ஃப்ளூ தடுப்பு மருந்து கொடுத்த விலங்கிலிருந்து பக்கத்துக் கூண்டு விலங்குக்கு வைரஸ் பரவுகிறதா, இல்லையா என்று பார்க்கும் ஆய்வு. கினிப்பன்றி இதற்குத் தோதான பிராணி. மனிதர்களிடம் புழங்கும் ஃப்ளூ வைரஸை அப்படியே, விலங்கின் உடம்புக்குப் பழக்கப்படுத்தாமலே, மூக்கில் விட்டால் தொற்றிக்கொள்ளும், பக்கத்து விலங்குக்கும் கொடுக்கும். 2006ல் நியூயார்க்கில் ஆனிஸ் லோவனும் பீட்டர் பலேசேயும் இதைக் காட்டினார்கள். குளிரும் வறண்ட காற்றும் இருந்தால் ஃப்ளூ வேகமாகப் பரவுகிறது என்பதையும் மறுவருடம் அதே பிராணியை வைத்துத்தான் நிரூபித்தார்கள்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. ஃப்ளூ வந்த கினிப்பன்றி பார்வைக்கு நன்றாகவே இருக்கும். காய்ச்சல், தும்மல் எதுவும் வெளியே தெரியாது.

அன்று காலை ஆறரை மணிக்கு அந்தப் பராமரிப்பாளர் வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது. "டாக்டரம்மா, ரெண்டு நாளா உடம்பு சுடுது. ஆனா வரலன்னா கூலி போயிடும். இதுங்களுக்கும் யாரு தண்ணி வைக்கிறது?" என்றார். அன்றைக்கு அவருடைய தினக்கூலி 480 ரூபாய். வீட்டில் மூன்று பேர் படிக்கிறார்கள். மாற்று ஆளும் இல்லை. இருந்த இன்னொருவர் எலி அறையில். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு பாராசிட்டமால் கொடுத்தேன். புது மாஸ்க் ஒன்று கொடுத்தேன். உள்ளே அனுப்பினேன்.

அது சாதாரண மூன்றடுக்கு மாஸ்க். ஸ்டாக் ரூமில் நோயுள்ள விலங்கு கிடையாது என்பதால் அங்கே அதுவே போதும் என்பது நம் நடைமுறை. விலங்கிடமிருந்து மனிதரைக் காப்பாற்றவே நம் விதிகள் எல்லாம் எழுதப்பட்டிருந்தன. மனிதரிடமிருந்து விலங்கைக் காப்பாற்ற ஒரு வரிகூட இல்லை. அன்றைக்கு ஏ.சி.யும் மக்கர் செய்தது. வியர்வையில் நனைந்த மாஸ்க்கோடு கூண்டு கூண்டாகக் குனிந்து தட்டை மாற்றினார், உமி போட்டார், குதிரைமசால் கட்டைப் பிரித்து வைத்தார். அவருடைய தள்ளுவண்டிச் சத்தம் கேட்டாலே அத்தனையும் பின்னங்காலில் நின்று கீச்சிடும். அன்றும் கீச்சிட்டன. முகத்துக்கு முகம், ஒரு சாண் தூரத்தில்.

மூன்று வாரம் கழித்து, ஆய்வு தொடங்கும் முன் இரத்தம் எடுத்துப் பார்த்தோம். 24ல் ஒன்பதுக்கு எச்1என்1 என்ற பன்றிக் காய்ச்சல் வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது தொற்று வந்துபோன தடயம், இருந்தது. வந்த புதிதில் எடுத்த இரத்தத்தில் ஒன்றுக்கும் இல்லை. ஆய்வு நின்றது. ஒருமுறை ஃப்ளூவைப் பார்த்துவிட்ட விலங்கு தடுப்பு மருந்து ஆய்வுக்கு உதவாது. மருந்து வேலை செய்ததா, பழைய தொற்று காப்பாற்றியதா என்று பிரிக்க முடியாது. மீதி 15ம் அதே அறைக் காற்றைச் சுவாசித்தவை, நம்ப முடியாது. 24ஐயும் கொல்ல வேண்டி வந்தது. ஊசி போட்டது நான். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது அவர். கொடுக்கும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

விசாரணை அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் எழுதப்பட்டது: "பராமரிப்பாளரின் அலட்சியம்". என் பெயர் இல்லை. கூலிப் பிடித்தம் என்ற விதியின் பெயரும் இல்லை. நான் வாய் மூடி இருந்தேன். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். இப்போது அந்த இரண்டு சொற்களை எடுத்து, அதற்குப் பிறகும் இத்தனை வருடம் ஒழுங்காக உழைத்தவரை வெளியே தள்ளுகிறீர்கள். 2018க்கு முன் உழைத்ததைச் சேர்க்காமலே சொல்கிறேன்.

இது ஏதோ நம் ஊர் ஏழ்மைக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். ஃப்ளூ ஆய்வே இப்படிப்பட்ட ஒரு தொற்றிலிருந்துதான் ஆரம்பித்தது. 1933ல் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா மூவரும் மனிதரின் ஃப்ளூ ஒரு வைரஸ் என்று கண்டுபிடித்தார்கள். ஃப்ளூவில் படுத்த ஆண்ட்ரூஸின் தொண்டையைக் கொப்பளித்த நீரை எடுத்து, கீரி போல நீண்ட உடம்புள்ள ஃபெரட் என்ற பிராணியின் மூக்கில் விட்டார்கள். அது படுத்துவிட்டது. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயை ஆராய ஏற்கெனவே ஃபெரட் வளர்த்துக்கொண்டிருந்ததால்தான் அது கைக்கு எட்டியது. மூன்று வருடம் கழித்து, நோயுற்ற ஒரு ஃபெரட் சார்லஸ் ஸ்டூவர்ட்-ஹாரிஸ் என்ற இளம் மருத்துவரின் முகத்தில் தும்மியது. இரண்டு நாளில் அவருக்கு ஃப்ளூ. விலங்கிலிருந்து மனிதருக்கு வந்ததற்கு அது சாட்சி என்று கட்டுரையே எழுதினார்கள். அவரை யாரும் அலட்சியக்காரர் என்று சொல்லவில்லை. வரலாற்றில் இடம் கொடுத்தார்கள். நம் ஆள் அதே பாதையில் எதிர்த்திசையில் போனார். அவருக்குக் கிடைத்தது மெமோ.

இன்றும் ஃபெரட்தான் ஃப்ளூ ஆய்வின் முதுகெலும்பு. மனிதரின் மேல் சுவாசக் குழாயில் வைரஸ் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் எப்படி இருக்கின்றனவோ கிட்டத்தட்ட அப்படியே அதற்கும் இருக்கின்றன. நம்மைப் போலவே தும்மும், காய்ச்சல் வரும். உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், அடுத்த பருவத் தடுப்பூசியில் எந்த வைரஸைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கிறதே, அதற்கான முக்கியச் சான்றுகளில் ஒன்று ஃபெரட் சீரம், அதாவது ஃப்ளூ கொடுத்த ஃபெரட்டின் இரத்தத்திலிருந்து பிரிக்கும் நீர். எச்5என்1 போன்ற பறவை வைரஸ்களுக்கு முன்கூட்டியே வித்து வைரஸ், அதாவது தடுப்பூசிக்கு மூலமான வைரஸ், தயாரித்து வைக்கிறார்கள். வைரஸ் உடம்பெங்கும் பரவ உதவும் ஆபத்தான பகுதியை நீக்கி, முட்டையில் நன்றாக வளரும் பழைய வைரஸின் மரபணுக்களோடு சேர்க்கிறார்கள். அது உண்மையிலேயே சாதுவாகிவிட்டதா என்று ஃபெரட்டில் சோதித்த பிறகுதான் பொதுவாகத் தடுப்பூசித் தயாரிப்பாளர்களின் கைக்குப் போகும்.

இதற்கெல்லாம் அடிப்படை ஒன்றே ஒன்று: அந்த விலங்கு பிறந்ததிலிருந்து எந்த ஃப்ளூவையும் பார்த்திருக்கக் கூடாது. ஃப்ளூவைப் பார்க்காத ஃபெரட்டைப் பொத்திப் பொத்தி வளர்க்க வேண்டும். ஒரு பராமரிப்பாளரின் ஒரு நாள் காய்ச்சல் போதும், ஒரு கூட்டமே வீணாகும். 2025 ஏப்ரலில் பரிதாபாத்தில் ஃபெரட்டுக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் திறந்தார்கள். நல்ல செய்தி. 2006ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பண்ணைக் கோழிகளில் எச்5என்1 வந்ததிலிருந்து நமக்குத் தேவைப்பட்டது அது. நம் நிறுவனமும் அந்த வழியில் யோசிக்கிறது என்று அறிகிறேன். கட்டடத்துக்கும் காற்று வடிகட்டிக்கும் கோடிகளில் திட்டம் போடுகிறீர்கள். உள்ளே போகிறவருக்குக் காய்ச்சல் நாளில் கூலி கொடுக்க மட்டும் பட்ஜெட்டில் தலைப்பு இல்லையாம்.

சுற்றறிக்கையில் இன்னொரு வாதம் இருக்கிறது: விலங்கு ஆய்வே குறைந்து வருகிறது, மாற்று முறைகள் வருகின்றன, ஆகவே நிரந்தர ஆள் எதற்கு என்று. 2023ல் நம் நாட்டு மருந்து விதிகள் விலங்கில்லாத சோதனைகளுக்கும் இடம் கொடுத்தது உண்மை. சிப்பில் வளர்த்த நுரையீரல் திசுவில் வைரஸ் ஓடுவதை நானும் ஆசையோடு பார்த்திருக்கிறேன். விலங்கைக் கொல்லாத நாள் வந்தால் முதலில் சந்தோஷப்படுவது நானாகத்தான் இருக்கும், 24 ஊசி போட்ட கை இது. ஆனால் ஓர் உடம்பிலிருந்து காற்று வழியாக இன்னோர் உடம்புக்கு வைரஸ் தாவுமா என்ற கேள்விக்குச் சிப்பில் இன்னும் பதில் இல்லை. பெருந்தொற்று வருமா, வராதா என்பதே அந்தக் கேள்விதான்.

விலங்கு மாதிரிகள் பொய் சொல்லும் என்பதும் எனக்குத் தெரியும். 2024ல் அமெரிக்காவில் பால் பண்ணைத் தொழிலாளி ஒருவருக்கு எச்5என்1 வந்தது. அவருக்குக் கண் சிவந்ததோடு சரி. அவரிடமிருந்து எடுத்த வைரஸைக் கொடுத்த ஃபெரட்டுகள் எல்லாம் செத்தன. ஆய்வுக்கூட எலிகளின் கதை இன்னும் மோசம். பெரும்பாலான இனங்களில் ஃப்ளூவை அடக்கும் எம்எக்ஸ்1 மரபணு பழுதாகிக் கிடக்கிறது, அதனால் தேவைக்கு மேல் நோயாகும். நோய் வந்தாலும் தும்மாது. காய்ச்சலுக்குப் பதில் உடம்பு சில்லிட்டுப்போகும். இத்தனை ஓட்டை உள்ள கருவியிலிருந்து உருப்படியான ஒரு தகவலை எடுக்க வேண்டுமானால், கூண்டைப் பார்க்கிற கண் நல்ல கண்ணாக இருக்க வேண்டும்.

அந்தக் கண்ணுக்கு ஓர் உதாரணம். ஒருநாள் அதே பராமரிப்பாளர் எலி அறையிலிருந்து வந்து சொன்னார்: "மூணாம் வரிசையில ரெண்டு கூண்டுல நேத்து போட்ட டிஷ்யூ அப்படியே கிடக்கு. கூடு கட்டலை." எடை போட்டுப் பார்த்தோம், குறையவில்லை. ஆய்வாளர் சிரித்தார். மறுநாள் காலை அந்த இரண்டு கூண்டிலும் மயிர் சிலிர்த்து, முதுகு கூனி உட்கார்ந்திருந்தன. அதற்கடுத்த நாள் எடை சரிந்தது. 25 சதவீதம் குறைந்தால் வலியில்லாமல் முடித்துவிட வேண்டும் என்பது நம் நெறிமுறை. தராசுக்குத் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த இரண்டு நாள் வேதனையைக் குறைக்க வழி இருந்தது. 11 மாதத்துக்கு ஒருமுறை மாறுகிற ஆளுக்கு இது எப்போது பிடிபடும்? கினிப்பன்றிகளோ ஆள் மாறினாலே இரை எடுக்காது, எடை குறையும். அந்தக் குறைவை மருந்தின் விளைவு என்று நீங்கள் கணக்கில் எழுதுவீர்கள்.

2009 பிப்ரவரியில் செக் நாட்டில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆஸ்திரியாவிலிருந்து ஒரு தடுப்பூசி நிறுவனம் அனுப்பிய, மனிதரிடம் புழங்கும் சாதாரண எச்3என்2 ஃப்ளூ வைரஸைப் போட்ட ஃபெரட்டுகள் செத்தன. எச்3என்2வுக்கு ஃபெரட் சாகக் கூடாதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியபோதுதான் அதில் எச்5என்1 கலந்திருந்தது தெரிந்தது. அதற்குள் அந்தச் சரக்கு ஆஸ்திரியாவையும் சேர்த்து நான்கு நாட்டு ஆய்வகங்களை எட்டியிருந்தது. 2014ல் அமெரிக்காவில் இதே மாதிரி, சாது வைரஸ் என்று அனுப்பியதைப் போட்ட கோழிகள் செத்துத்தான் கலப்படம் வெளியே வந்தது. கூண்டில் ஏதோ சரியில்லை என்று யாரோ ஒருவர் முதலில் கண்டிருக்க வேண்டும். தும்முகிற ஃபெரட்டை முதலில் பார்ப்பவர் இயக்குநர் அல்ல, மன்னிக்க வேண்டும்.

அப்புறம், அவசரம் வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலோடு சென்னையில் ஆசிய ஃப்ளூ இறங்கியது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் அப்போதே ஃப்ளூ மையம் இருந்ததால் வைரஸை இங்கேயே பிரித்தெடுக்க முடிந்தது. அடுத்த சில மாதங்களில் நாடு முழுக்கப் பதிவானவர்கள் மட்டும் 44 லட்சம் பேர். 2009 ஏப்ரலில் புது எச்1என்1 கண்டறியப்பட்டது. நம் நாட்டுத் தடுப்பூசிகள் 2010 ஜூனில், ஜூலையில் வந்தன. ஆகஸ்ட் 10ல் பெருந்தொற்று முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது! கோவாக்சினை 2020ல் 20 ரீசஸ் குரங்குகளில் சோதித்தார்கள். ஊரே அடங்கிக் கிடந்த வருடத்தில் அந்தக் குரங்குகளுக்கு யாரோ தினமும் உணவு வைத்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற அந்த ஆட்களை ஒப்பந்ததாரரிடம் போன் போட்டு ஒரே வாரத்தில் வரவழைக்க முடியாது.

நெறிமுறைக் குழுவுக்குத் தனியாக ஒரு கேள்வி. ஒவ்வொரு திட்டத்திலும் எங்களிடம் கேட்பீர்கள்: எண்ணிக்கையைக் குறைத்தீர்களா, வேதனையைக் குறைத்தீர்களா, மாற்று பார்த்தீர்களா என்று. 24 கேட்டால் 20 போதாதா என்பீர்கள். சரியான கேள்வி. ஆனால் 1,440 ரூபாயை, அதாவது மூன்று நாள் கூலியை, மிச்சம் பிடிக்கப் போய் 24 உயிர் குப்பைக்குப் போனதே, அதை எந்தக் கூட்டத்தில் விவாதித்தீர்கள்? குழுவில் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள், கால்நடை மருத்துவர் இருக்கிறார், வெளியிலிருந்து சமூக அக்கறை உள்ளவர் இருக்கிறார். தினமும் கூண்டைத் திறக்கிறவர் இல்லை.

நான் கேட்பது இவைதான்.

காய்ச்சல், இருமல், கண் சிவப்பு இருந்தால் கூலியோடு விடுப்பு கொடுங்கள். நிரந்தரமோ ஒப்பந்தமோ, எல்லாருக்கும். முதல் மூன்று நாளுக்கு டாக்டர் சீட்டு கேட்காதீர்கள். 480 ரூபாய் கூலிக்காரர் 300 ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்க மாட்டார், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவார். இந்த விதியை ஒப்பந்ததாரரின் டெண்டரிலேயே எழுதுங்கள். அந்த நாள்களுக்கு மாற்று ஆள் ஒருவரைப் பயிற்சி கொடுத்து வைத்திருங்கள்.

வருடா வருடம் ஃப்ளூ தடுப்பூசி, நிறுவனச் செலவில். இதற்காக நான் மூன்று முறை கோப்பு அனுப்பினேன், "நிதி ஒதுக்கீடு இல்லை" என்று மூன்று முறையும் திரும்பி வந்தது. தடுப்பூசி போட்டாலும் சிலருக்கு ஃப்ளூ வரும் என்பது தெரிந்ததே, அதனால் விடுப்புக்கு இது ஈடாகாது. இரண்டும் வேண்டும். வைரஸ் அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு, கையில் ஊசி குத்தியோ மாஸ்க் நழுவியோ விபத்து நடந்தால் அன்றே கொடுக்க ஓசல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்து கையிருப்பில் இருக்கட்டும். சாவி ஸ்டோரில், ஸ்டோர் கீப்பர் லீவில் என்ற கதை வேண்டாம்.

11 மாதச் சுழற்சியை அனிமல் ஹவுஸுக்கு மட்டுமாவது ரத்து செய்யுங்கள். தோட்டத்துக்கும் கேண்டீனுக்கும் நான் பேசவில்லை, அவர்களுக்காகப் பேச அவர்களே இருக்கிறார்கள். பராமரிப்பாளர்கள் எழுதும் தினசரிக் குறிப்பேட்டை ஆய்வுத் தரவாக எடுத்துக்கொள்ளுங்கள், நெறிமுறைக் குழுக் கூட்டத்துக்கு அவர்களில் ஒருவரை அழைத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

கடைசியாக, அந்த மனிதரைத் திரும்ப வேலைக்கு எடுங்கள். அதற்கு முன் 2018 கோப்பைத் திறந்து, காரணம் என்ற கட்டத்தில் இருக்கும் "பராமரிப்பாளரின் அலட்சியம்" என்பதை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: "காய்ச்சல் இருப்பதாகப் பராமரிப்பாளர் முன்கூட்டியே தெரிவித்தார். கூலியுடன் விடுப்பு தர விதி இல்லை. பொறுப்பு மருத்துவர் அவரை உள்ளே அனுப்பினார்." பக்கத்தில் கையெழுத்துப் போட என்றைக்கு வர வேண்டும் என்று சொல்லுங்கள், வருகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் விலங்குக்கூடப் பொறுப்பு கால்நடை மருத்துவர்